நிசேயாவுக்குப் பிந்தைய 56 ஆண்டுகள்

வாட்ஸப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றி வரும். கி.பி. 325-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் பிஷப்மார்களைக் கூட்டி, ஓட்டெடுப்பு நடத்தி, இயேசுவைக் கடவுள் ஆக்கினாராம், அதுவரைக்கும் கிறிஸ்தவர்கள் அவரை ஒரு நல்ல போதகராகத்தான் பார்த்தார்களாம். சபைக்குள்ளே சொல்லப்படுவது வேறு கதை. நிசேயாவில் 318 பரிசுத்தவான்கள் கூடினார்கள், ஆரியுஸ் என்ற கள்ளப்போதகனைத் தோற்கடித்தார்கள், விசுவாசப் பிரமாணம் எழுதினார்கள், அத்தோடு எல்லாம் சுபம். இந்த இரண்டு கதைகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன: 325-ல் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். உண்மையில் நிசேயாவில் எதுவும் முடியவில்லை. சண்டை அங்கேதான் சூடு பிடித்தது, ஓரளவு அடங்குவதற்கு 381 ஆகிவிட்டது. நடுவில் போன அந்த 56 ஆண்டுகளைப் பற்றி நம் சபைகளில் ஏனோ யாரும் பேசுவதில்லை. எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமாகப் படுவது அந்த 56 ஆண்டுகள்தான்.

முதலில் அந்த ஓட்டெடுப்புக் கதையை ஒதுக்கிவைத்துவிடலாம். நிசேயா (இன்றைய துருக்கியின் இஸ்னிக்) பித்தினியா என்ற மாகாணத்தில் இருந்த ஊர். அதே பித்தினியாவுக்கு, நிசேயா சங்கத்துக்கு (அதாவது அந்தப் பிஷப்மார் கூட்டத்துக்கு) 200 வருஷத்துக்கும் முன்னால், சுமார் 112-ல், ப்ளினி ஆளுநராக இருந்தார். கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்துவிட்டுப் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியும் முன்பே கூடி கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று சொல்கிறார். எழுதியவர் கிறிஸ்தவர் அல்ல, அவர்களைத் தண்டித்த அதிகாரி. அப்புறம் இஸ்ரேலில் மெகிதோ சிறைச்சாலை வளாகத்தில் 2005-ல் தோண்டும்போது கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுத் தரை ஓவியம் ஒன்று இருக்கிறது. அகெப்தூஸ் என்ற ஒரு பெண், கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு இந்த மேசையைக் காணிக்கையாகக் கொடுத்தாள் என்று அதில் கல் பதித்து எழுதியிருக்கிறார்கள். கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு முன்பே பதிக்கப்பட்டது என்று தோண்டியவர்கள் கணிக்கும் கல். ஆக, ஜனங்கள் இயேசுவை நோக்கி ஜெபம் செய்துகொண்டும் பாடிக்கொண்டும்தான் இருந்தார்கள். அப்படிச் செய்வது சரிதானா, சரியென்றால் எந்த அர்த்தத்தில் சரி என்பதுதான் கேள்வியாக வந்தது. ஒரே தேவனைத் தவிர வேறு யாரையும் வணங்கக்கூடாது என்று கற்றுக்கொடுத்த ஒரு மார்க்கத்துக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது வந்தே தீரும்.

அந்தக் கேள்வியை அதன் முழு வலுவோடு கேட்டவர் ஆரியுஸ். லிபியா பக்கத்தைச் சேர்ந்தவர், அலெக்சாந்திரியாவில் பவுகாலிஸ் என்ற பகுதியின் ஆலயத்தில் குருவானவர். உயரமான மனிதர், எளிய உடை, மென்மையான பேச்சு, தவ வாழ்க்கை என்று அவரை வெறுத்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 318 வாக்கில் அவருடைய பிஷப் அலெக்சாண்டர் பிதாவும் குமாரனும் ஒன்றாயிருப்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது இவர் எழுந்து மறுத்தார். பிதாவும் குமாரனும் ஒரே ஆள், வேஷம்தான் வேறு என்று முன்பு சபெல்லியுஸ் சொன்னதாகச் சொல்லப்படும் பழைய தவறுக்குள் பிஷப் போகிறார் என்பது அவர் பயம். ஆரியுஸ் சொன்னது இதுதான்: தேவன் ஒருவரே, அவருக்குத் தொடக்கம் இல்லை. குமாரன் பிதாவால் உண்டானவர் என்றால் குமாரனுக்குத் தொடக்கம் உண்டு, அப்படியானால் அவர் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்திருக்க வேண்டும். எல்லாப் படைப்புக்கும் மேலான, எல்லாவற்றுக்கும் முந்தின படைப்பு அவர். ஆனாலும் படைப்புதான்.

இதைக் கேட்டதும் கொதிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஆரியுஸ் வேதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசவில்லை, வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று இயேசுவே சொன்னாரே? அந்த நாளும் நாழிகையும் குமாரனுக்கும் தெரியாது என்றாரே? பசித்தார், களைத்தார், தூங்கினார், லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் அழுதார், கெத்செமனேயில் கலங்கினார். இதெல்லாம் தேவனுக்கு நடக்குமா? நீதிமொழிகள் 8-ல் ஞானம் பேசுகிற இடத்தில் நம் தமிழ் வேதாகமம் 'கொண்டிருந்தார்' என்று சொல்கிறது, அவர்கள் கையில் இருந்த கிரேக்க வேதாகமத்திலோ 'படைத்தார்' என்றே இருந்தது. ஞானம் என்பது கிறிஸ்து என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டிருந்தபடியால் அந்த ஒரு வசனத்துக்குப் பதில் சொல்ல எதிர்த்தரப்பு பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. ஆரியுஸ் தன் போதனையைப் பாட்டாகவும் கட்டினார். மாலுமிகளும் மாவரைக்கிறவர்களும் வழிப்பயணம் போகிறவர்களும் பாடுவதற்கென்றே எழுதினார் என்று அவர் பக்கம் சாய்ந்த ஒரு வரலாற்றாசிரியர் குறித்திருக்கிறார். துறைமுகத்தில் அந்தப் பாட்டு ஒலித்தது என்றால் அது படித்தவர்களின் தர்க்கமாக மட்டும் நிற்கவில்லை என்று அர்த்தம்.

எதிர்த்தரப்பின் பதிலும் சாதாரண விசுவாசியின் வாழ்க்கையிலிருந்துதான் வந்தது. அலெக்சாண்டரிடம் டீக்கனாக இருந்த, இருபதுகளில் இருந்த அத்தனாசியுஸ் பிற்பாடு இதை வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னார். குமாரன் படைப்பு என்றால், நாம் ஞாயிறுதோறும் செய்வது படைப்பை வணங்குவது. அதற்குப் பெயர் விக்கிரக ஆராதனை. பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் பெறுகிறோமே, சிருஷ்டிகரின் பெயரோடு ஒரு சிருஷ்டியின் பெயரையும் சேர்த்தா கொடுக்கிறோம்? எல்லாவற்றையும் விட முக்கியமாக, மனிதனைத் தேவனோடு சேர்த்து வைக்க ஒரு படைப்பால் முடியாது, அந்தப் படைப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதற்கும் தேவனுக்கும் நடுவில் உள்ள தூரம் அப்படியேதான் இருக்கும். தேவனே இறங்கி வந்தால்தான் நாம் மேலே போக முடியும். நான் அத்தனாசியுஸ் பக்கம்தான் நிற்கிறேன், அதற்குக் காரணம் இந்தக் கடைசி வாதம்தான். ஆரியுஸின் தேவன் மிகவும் பரிசுத்தமானவர், மிகவும் உயர்ந்தவர், ஆனால் என்னைக் காப்பாற்ற அவர் வரவில்லை, வேறு ஒருவரை அனுப்பிவிட்டார்.

சரி, நிசேயாவுக்கு வருவோம். 324-ல் லிசினியுஸைத் தோற்கடித்துப் பேரரசு முழுவதையும் கைக்குள் கொண்டுவந்த கான்ஸ்டன்டைனுக்கு இந்தச் சண்டை முதலில் புரியவே இல்லை. அலெக்சாண்டருக்கும் ஆரியுஸுக்கும் சேர்த்து எழுதிய கடிதத்தில், ஒன்றுமில்லாத அற்பக் கேள்விக்காக ஏன் அடித்துக்கொள்கிறீர்கள், சமாதானமாகப் போங்கள் என்கிறார். கடிதத்தைக் கொண்டுபோனவர் கொர்தோபாவின் பிஷப் ஓசியுஸ். அது பலிக்கவில்லை, ஆகவே சங்கம். 325 மே மாதம் தொடங்கியது. 318 பேர் என்ற எண் ஆபிரகாமின் வீட்டில் பிறந்த வேலைக்காரரின் எண்ணிக்கையிலிருந்து (ஆதியாகமம் 14) பிற்பாடு எடுக்கப்பட்டது, நேரில் இருந்த செசரியா பிஷப் யூசேபியுஸ் 250-க்கும் மேல் என்றும், அந்தியோகியாவின் யூஸ்தாத்தியுஸ் ஏறக்குறைய 270 என்றும் எழுதியிருக்கிறார்கள். மேற்கிலிருந்து வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். வந்தவர்களில் சிலர் சில வருஷங்களுக்கு முன்னால்தான் உபத்திரவத்தில் சித்திரவதை பட்டவர்கள்: நியோசெசரியாவின் பவுலுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டுக் கைகள் செயலிழந்திருந்தன, எகிப்தின் பஃப்நூத்தியுஸுக்கு ஒரு கண் இல்லை என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. இப்படிப்பட்டவர்கள் ஒரு ராஜாவின் மிரட்டலுக்குப் பயந்து, அதுவரை நம்பாத ஒரு புதிய தெய்வத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

உள்ளே நடந்ததில் எனக்கு மறக்கவே முடியாத ஒரு இடம் உண்டு, அத்தனாசியுஸ் பின்னால் எழுதியது. குமாரன் 'தேவனிடத்திலிருந்து வந்தவர்' என்று எழுதலாமா என்று கேட்டார்கள். ஆரியுஸுக்கு அனுதாபமாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள்: சரி, எழுதட்டும், நாமும் தேவனிடத்திலிருந்து வந்தவர்கள்தானே, எல்லாமே தேவனிடத்திலிருந்துதான் என்று பவுலே சொல்லியிருக்கிறாரே. பிதாவின் சாயல் என்று எழுதலாமா? மனிதனும் சாயல்தான். தேவ வல்லமை? வெட்டுக்கிளிகளைக்கூட வேதம் தேவனுடைய வல்லமை என்று சொல்கிறதே. எந்த வேத வார்த்தையைப் போட்டாலும் அவர்கள் தங்கள் அர்த்தத்தில் அதைச் சொல்ல முடிந்தது. அதனால்தான் கடைசியில், அவர்களால் எந்த வழியிலும் வாயில் எடுக்க முடியாத ஒன்றைப் போட்டார்கள்: ஹோமோஊசியோஸ், பிதாவோடு ஒரே தன்மையுடையவர். அது வேதத்தில் இல்லாத சொல். அதுவும் தவிர, 268-ல் அந்தியோகியாவில் சமோசாத்தா பவுலைத் தள்ளிவைத்தபோது இதே சொல்லையும் சேர்த்துத் தள்ளினார்கள் என்று பின்னால் வாதம் கிளம்பியது. கையெழுத்துப் போட்டவர்களிலேயே பலருக்கு அது தொண்டையில் சிக்கியது. செசரியா யூசேபியுஸ் தன் சபையாருக்கு, நான் ஏன் இதில் கையெழுத்துப் போட்டேன் தெரியுமா என்று விளக்கி ஒரு கடிதமே எழுதினார், அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. ஓட்டுப் பெட்டி எதுவும் இல்லை, கையெழுத்துத்தான். போட மாட்டோம் என்று கடைசிவரை நின்றவர்கள் இரண்டே பிஷப்மார், செகுந்துஸ், தெயோனாஸ், இரண்டு பேரும் லிபியாக்காரர்கள். ஆரியுஸோடு அவர்களும் நாடு கடத்தப்பட்டார்கள். ஆரியுஸின் புத்தகங்களை எரிக்க வேண்டும், ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று கான்ஸ்டன்டைன் உத்தரவு போட்டார். அந்த உத்தரவை நியாயப்படுத்த என்னிடம் எந்த வார்த்தையும் இல்லை.

அந்த ஒற்றுமை மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. ஆரியுஸின் நண்பரும் நிக்கொமேதியாவின் பிஷப்புமான இன்னொரு யூசேபியுஸ், நிசேயா முடிந்த சில மாதங்களில் நாடு கடத்தப்பட்டவர், 328-க்குள் திரும்பி வந்து அரண்மனையில் செல்வாக்குப் பெற்றுவிட்டார். அதே 328-ல் அத்தனாசியுஸ் அலெக்சாந்திரியாவின் பிஷப் ஆனார். ஆரியுஸைத் திரும்பச் சேர்த்துக்கொள் என்று பேரரசரே சொன்னபோது மறுத்தார். 335-ல் தீருவில் கூடிய சங்கத்தில் அவர் மேல் கொலைக் குற்றச்சாட்டு: அர்சேனியுஸ் என்ற பிஷப்பைக் கொன்று கையை வெட்டி மந்திரவாதத்துக்கு வைத்துக்கொண்டார் என்று. அர்சேனியுஸோ உயிரோடு ஒரு மடத்தில் ஒளிந்திருந்து பிடிபட்டார். அவரை மேலாடையால் மூடிச் சபை நடுவே கொண்டுவந்து, முதலில் ஒரு கையைக் காட்டி, கொஞ்ச நேரம் விட்டு மறு கையையும் காட்டி, மூன்றாவது கை எங்கே இருந்தது என்று குற்றம் சாட்டியவர்கள் சொல்லட்டும் என்று அத்தனாசியுஸ் கேட்டதாகப் பழைய வரலாறுகள் சொல்கின்றன. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லண்டனில் ஒரு பாப்பிரஸ் கடிதம் இருக்கிறது, அதே 335-ல் எகிப்தில் அத்தனாசியுஸுக்கு எதிரான மெலித்தியக் குழுவைச் சேர்ந்த ஒருவர் எழுதியது. அத்தனாசியுஸின் ஆட்கள் தங்களை எப்படி அடித்துக் காயப்படுத்தினார்கள் என்று அதில் இருக்கிறது. நான் சார்ந்து நிற்கும் தரப்பும் கை சுத்தமாக இல்லை.

தீருவில் கொலைக் குற்றம் எடுபடவில்லை, ஆனால் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போகிற தானியக் கப்பல்களை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டினார் என்ற புகார் பிற்பாடு பேரரசரிடம் எடுபட்டது. தலைநகரத்தின் ரொட்டி எகிப்திலிருந்துதான் வந்தது. அத்தனாசியுஸை இன்றைய ஜெர்மனியின் ட்ரியர் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 336-ல் ஆரியுஸ், சபையில் திரும்பச் சேர்க்கப்பட இருந்த நாளுக்கு முன்தினம், கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு பொதுக் கழிப்பிடத்தில் இறந்தார். இதைத் தேவ தண்டனை என்று எத்தனையோ நூற்றாண்டாகச் சொல்லிக்காட்டி வருகிறார்கள். வயதான ஒரு மனிதனின் சாவை இப்படிப் பயன்படுத்துவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடுத்த வருஷம் கான்ஸ்டன்டைன் மரணப்படுக்கையில் ஞானஸ்நானம் வாங்கினார். கொடுத்தவர் அதே நிக்கொமேதியா யூசேபியுஸ். இயேசுவைக் கடவுள் ஆக்கியதாகச் சொல்லப்படும் பேரரசருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது ஆரியுஸின் மிக நெருங்கிய ஆதரவாளர்!

அதற்குப் பிறகு கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்டியஸின் காலம். நிசேயாவின் சொல்லை எப்படியாவது ஓரங்கட்ட வேண்டும் என்பதுதான் அரசின் கொள்கை. சங்கத்துக்கு மேல் சங்கம், பிரமாணத்துக்கு மேல் பிரமாணம். பிஷப்மார்கள் கூட்டம் கூட்டமாக அரசுக் குதிரைகளில் சங்கங்களுக்கு ஓடிக்கொண்டே இருந்ததில் அஞ்சல் போக்குவரத்தே முடங்கிப்போனது என்று அம்மியானுஸ் மார்செல்லினுஸ் எழுதுகிறார். அவர் கிறிஸ்தவர் அல்ல, ஒரு படைவீரர், அவருக்கு இதில் எந்தப் பக்கமும் இல்லை.

356 பிப்ரவரி 8-ம் தேதி இரவை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அலெக்சாந்திரியாவின் தெயோனாஸ் ஆலயத்தில் இரவு ஜெபம் நடந்துகொண்டிருந்தது, மறுநாள் திருவிருந்து. சிரியானுஸ் என்ற தளபதி 5000-க்கும் மேற்பட்ட வீரர்களோடு ஆலயத்தைச் சுற்றி வளைத்தார், உருவிய வாளும் வில்லும் தடியுமாக. உள்ளே இருக்கிற ஜனங்களை விட்டுவிட்டு ஓடக்கூடாது என்று அத்தனாசியுஸ் தன் ஆசனத்தில் உட்கார்ந்தார். டீக்கனிடம் 136-ம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். நம் ஆலயங்களில் வாசிப்பது போலவேதான், டீக்கன் ஒரு வரி, ஜனங்கள் பதிலுக்கு, அவர் கிருபை என்றுமுள்ளது. எகிப்தியரின் தலைப்பிள்ளைகளைச் சங்கரித்தவரைத் துதியுங்கள், அவர் கிருபை என்றுமுள்ளது. பார்வோனையும் அவன் சேனைகளையும் செங்கடலில் கவிழ்த்தவரைத் துதியுங்கள், அவர் கிருபை என்றுமுள்ளது. எகிப்து நாட்டின் நடுவில், வெளியே ராஜாவின் சேனை நிற்க, அந்தச் சங்கீதம். கதவுகள் உடைந்தன, வீரர்கள் உள்ளே பாய்ந்தார்கள், நெரிசலில் பலர் மிதிபட்டார்கள். ஜனங்கள் வெளியேறும்வரை எழ மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவரைக் குருக்களும் துறவிகளும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போனதாக அவரே எழுதுகிறார். அடுத்த ஆறு வருஷம் பாலைவனத் துறவிகள் நடுவே ஒளிந்து வாழ்ந்தார். மொத்தம் ஐந்து முறை நாடு கடத்தல், 45 ஆண்டு பிஷப் ஊழியத்தில் சுமார் 17 ஆண்டு ஊருக்கு வெளியே.

359-ல் மேற்கே அரிமினுமிலும் கிழக்கே செலூக்கியாவிலும் இரட்டைச் சங்கம் கூட்டி, மாதக்கணக்கில் பிடித்து வைத்து, குமாரன் பிதாவுக்கு 'ஒத்தவர்' என்று மட்டும் சொல்லும் ஒரு மழுப்பலான பிரமாணத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அரிமினுமில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட பிஷப்மார்கள், நிசேயாவைவிடப் பெரிய கூட்டம். உலகமே முனகியது, தான் ஆரியனாகிவிட்டதை, அதாவது ஆரியுஸின் பக்கம் போய்விட்டதைக் கண்டு திகைத்தது என்று ஜெரோம் எழுதியது இதைத்தான். எண்ணிக்கையும் ராஜாவின் ஆதரவும்தான் முடிவு செய்யும் என்றால் இன்றைக்கு நாம் அரிமினும் பிரமாணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டெடுப்புக் கதை சொல்கிறவர்கள் இந்த ஒரு சங்கதிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

361-ல் கான்ஸ்டான்டியஸ் இறந்து ஜூலியன் வந்தார். அவர் பழைய தெய்வங்களுக்குத் திரும்பியவர். நாடு கடத்தப்பட்ட பிஷப்மார்கள் எல்லோரும் ஊர் திரும்பலாம் என்று அறிவித்தார், திரும்பி வந்து தங்களுக்குள் அடித்துக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தோடுதான் என்கிறார் அம்மியானுஸ். காட்டு மிருகங்கள்கூட மனிதருக்கு இத்தனை விரோதியல்ல, கிறிஸ்தவர்கள் ஒருவருக்கொருவர் அப்படி என்று ஜூலியன் அனுபவத்தில் கண்டிருந்தாராம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

ஆனால் அத்தனாசியுஸ் அந்த முறை அவர் எதிர்பார்த்ததைச் செய்யவில்லை. 362-ல் அலெக்சாந்திரியாவில் ஒரு சின்னச் சங்கம் கூட்டினார், இருபது சொச்சம் பிஷப்மார்தான். பேச வேண்டியது அந்தியோகியாவின் பிளவைப் பற்றி. அங்கே நிசேயாவை ஏற்பவர்களே இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடந்தார்கள். ஒரு கூட்டம் தேவனில் மூன்று ஹைப்போஸ்டாசிஸ் (மெய்யான இருப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்) என்றது, மற்றது ஒன்றுதான் என்றது. ஒன்று என்கிறவர்களுக்கு மூன்று என்பது மூன்று தெய்வம் போலக் கேட்டது, மூன்று என்கிறவர்களுக்கு ஒன்று என்பது பழைய சபெல்லியுஸ் போலக் கேட்டது. நிசேயா பிரமாணத்தின் கடைசியில் வரும் சாப வாசகம் ஹைப்போஸ்டாசிஸும் தன்மையும் ஒன்றே என்பது போலப் பேசுகிறது, அதை வைத்துப் பார்த்தால் ஒன்று என்கிறவர்கள் பக்கம்தான் நியாயம். அத்தனாசியுஸ் அதை எடுத்து மற்றவர்களை அடித்திருக்கலாம், அவருக்கு அந்த உரிமை இருந்தது, அதற்காகத் தலைமறைவாக வாழ்ந்தவர் அவர். அவர் செய்ததோ வேறு. மூன்று என்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: ஒன்றுக்கொன்று அந்நியமான மூன்று தெய்வங்கள் என்ற அர்த்தத்திலா சொல்கிறீர்கள்? இல்லை, திரித்துவம் பெயரில் மட்டும் இல்லாமல் மெய்யாகவே இருக்கிறது என்று சொல்லத்தான். அடுத்து ஒன்று என்கிறவர்களிடம்: குமாரனும் ஆவியும் மெய்யாக இல்லை என்கிறீர்களா? இல்லை, பிதாவின் தன்மையும் குமாரனின் தன்மையும் ஒன்றே என்று சொல்லத்தான். இரண்டு பேரும் ஒருவர் மற்றவர் சொன்னதைக் கேட்டார்கள், ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தின் கடிதம் அந்தியோகியாவுக்குப் போனது.

30 வருஷம் ஒரே சொல்லுக்காக அடி வாங்கிய மனிதர், எதிரே நிற்பவனிடம் நீ இதை எந்த அர்த்தத்தில் சொல்கிறாய் என்று கேட்டாரே, இந்த வரலாற்றில் அவர் செய்த மிகப் பெரிய காரியம் எனக்கு அதுதான். 356-ன் இரவைவிடவும் பெரியது. ஏற்கெனவே சில வருஷம் முன்பிருந்தே, ஒரே தன்மை என்பதற்குப் பதில் 'ஒத்த தன்மை' என்று சொல்லிக்கொண்டிருந்த அன்சீராவின் பேசில் போன்றவர்களை எதிரிகள் என்று தள்ளாமல் சகோதரர்கள் என்று எழுத ஆரம்பித்திருந்தார். அந்தியோகியாவில் உடனே பலன் கிடைத்ததா என்றால் இல்லை. கடிதம் போய்ச் சேருவதற்குள் சார்தீனியாவிலிருந்து வந்த லூசிபர் என்ற பிடிவாதக்காரப் பிஷப் ஒரு தரப்புக்கு பவுலீனுஸ் என்பவரைப் பிஷப்பாக அபிஷேகம் செய்துவிட்டார், பிளவு இன்னும் பல பத்தாண்டு இழுத்தது. ஆனாலும் கப்பதோக்கியாக்காரர்கள் (இன்றைய துருக்கியின் நடுப்பகுதியைச் சேர்ந்த பேசிலும் இரண்டு கிரகோரிகளும்) கட்டியது இந்த அஸ்திவாரத்தின் மேல்தான்: ஒரே தன்மை, மூன்று ஹைப்போஸ்டாசிஸ்.

கப்பதோக்கியாவின் செசரியா பிஷப் பேசிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நீண்டுவிடும். ஆரியுஸ் தரப்பின் பக்கம் நின்ற பேரரசர் வேலன்ஸ் அனுப்பிய அதிகாரி மொதெஸ்துஸ், சொத்துப் பறிமுதல், நாடு கடத்தல், சித்திரவதை, மரணம் என்று மிரட்டினாராம். என்னிடம் இருப்பது சில புத்தகங்களும் இந்தக் கந்தலும்தான், பூமியெல்லாம் தேவனுடையது, இந்த உடம்பு முதல் அடியிலேயே விழுந்துவிடும், மரணம் என்றால் எனக்கு நல்லதுதான் என்றாராம் பேசில். இப்படி யாரும் என்னிடம் பேசியதில்லையே என்று அவர் திகைக்க, நீங்கள் இன்னும் ஒரு பிஷப்பைச் சந்திக்கவில்லை போலிருக்கிறது என்றாராம். பேசிலின் நண்பர் நாசியான்சுஸ் கிரகோரி அவருடைய நினைவுப் பேருரையில் இதைச் சொல்கிறார்.

இந்த கிரகோரிதான் 379-ல் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போனார். 40 வருஷமாக ஆலயங்கள் எல்லாம் ஆரியர் தரப்பின் கையில் இருந்த நகரம். உறவினர் வீடு ஒன்றில் அனஸ்தாசியா, அதாவது உயிர்த்தெழுதல், என்று பெயர் வைத்துச் சின்னச் சபை ஒன்றைத் தொடங்கினார். அந்த உயிர்த்தெழுதல் பண்டிகை இரவிலேயே கூட்டம் புகுந்து கல்லெறிந்தது. அந்த நகரத்தில் இந்தத் தர்க்கம் எந்த அளவுக்குத் தெருவில் இறங்கியிருந்தது என்பதைப் பேசிலின் தம்பி நிஸ்ஸா கிரகோரி சொல்கிறார்: சில்லறை கேட்டால் கடைக்காரன் பிறந்தவர், பிறவாதவர் என்று தத்துவம் பேசுகிறான், ரொட்டி என்ன விலை என்றால் பிதா பெரியவர் குமாரன் சிறியவர் என்கிறான், வெந்நீர் தயாரா என்றால் குமாரன் இல்லாமையிலிருந்து உண்டானவர் என்று பதில் வருகிறது. அவர் அலுத்துக்கொண்டுதான் சொல்கிறார். எனக்கோ அதில் ஒரு பொறாமை. விசுவாசம் என்ன என்பது ரொட்டிக்கடைக்காரனுக்கும் முக்கியமாக இருந்த காலம் அது.

380 பிப்ரவரியில் பேரரசர் தியோடோசியஸ் ஒரு அரசாணை போட்டார்: ரோமின் பிஷப் தமாசுஸும் அலெக்சாந்திரியாவின் பிஷப் பேதுருவும் போதிக்கிற விசுவாசமே எல்லாருக்கும் விசுவாசம், மற்றவர்கள் புத்தி பேதலித்தவர்கள், அவர்கள் கூடும் இடங்களுக்கு ஆலயம் என்ற பெயர் கிடையாது. நவம்பரில் அவரே நகருக்குள் வந்தார். ஆரியர் தரப்புப் பிஷப் தெமோஃபிலுஸிடம் நிசேயாவை ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்றார். தெமோஃபிலுஸ் வெளியேறினார், தன் ஜனங்களை மதிலுக்கு வெளியே கூட்டிவைத்து ஆராதனை நடத்தினார். மனசாட்சிக்காகப் பதவியை விட்ட அந்த மனிதரையும் நான் மதிக்கிறேன். கிரகோரியை வீரர்கள் நடுவே ஆலயத்துக்கு அழைத்துப் போனார்கள். தெருவெல்லாம் ஆணும் பெண்ணும் குழந்தையும் அழுதுகொண்டும் கெஞ்சிக்கொண்டும் நின்றார்கள், எதிரி பிடித்த பட்டணம் போல இருந்தது என்று அவரே தன் வாழ்க்கையைச் சொல்லும் கவிதையில் எழுதியிருக்கிறார். என் தரப்பு ஜெயித்த நாள் அது. கிரகோரிக்கே அது கசந்தது, எனக்கும் கசக்கிறது. ஆறு வருஷம் ஒளிந்திருந்த அத்தனாசியுஸின் சபைக்கு வாளும் வில்லும் செய்ததையே இப்போது இந்தப் பக்கத்து வாள் செய்யத் தொடங்கிவிட்டது.

மறு வருஷம், 381, கான்ஸ்டான்டிநோபிள் சங்கம். 150 பிஷப்மார்கள். தலைமை வகித்த அந்தியோகியாவின் மெலித்தியுஸ் (எகிப்தின் மெலித்தியக் குழுவுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) நடுவிலேயே இறந்துபோக, கிரகோரி தலைவரானார், அந்தியோகியாவுக்கு அடுத்த பிஷப் யார் என்ற சண்டையில் இளம் பிஷப்மார்கள் குளவிக் கூட்டம் போலப் பாய்ந்தார்கள் என்கிறார். பரிசுத்த ஆவியும் தேவனே, ஒரே தன்மையுடையவரே என்று பிரமாணத்தில் பளிச்சென்று எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. சங்கம் கொஞ்சம் பதுங்கிக்கொண்டு, ஆண்டவரும் ஜீவனைக் கொடுக்கிறவரும், பிதாவோடும் குமாரனோடும் கூடத் தொழுது துதிக்கப்படுகிறவர் என்று எழுதியது. ஆவியைப் பற்றி நிசேயாவில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, நாம் இன்று திருவிருந்து ஆராதனையில் சொல்கிற நீண்ட வடிவம் 381-ன் பெயரில் வந்தது. கவனித்தால் அங்கேயும் தொழுகையை வைத்துத்தான் சொல்கிறார்கள், யாரைச் சேர்த்துத் தொழுகிறோமோ அவர் யார் என்று. கிரகோரி அந்தச் சமாதானத்தில் நிறைவடையாமல் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த நெக்தாரியுஸ் அப்போது ஞானஸ்நானம்கூட எடுக்காத ஒரு செனட்டர். எந்தச் சங்கமும் நன்றாக முடிந்து நான் பார்த்ததில்லை, இனி போக மாட்டேன் என்று கிரகோரி பின்னால் ஒரு கடிதத்தில் எழுதினார்.

சங்கத்தைவிட, அதற்கு முந்தின வருஷம் அனஸ்தாசியாவில் அவர் செய்த ஐந்து பிரசங்கங்களைத்தான் நான் எல்லாரையும் படிக்கச் சொல்வேன். வாலிபர் கூடுகையில் ஒரு தம்பி, இயேசு பசித்தார் அழுதார் என்றால் எப்படி அண்ணா தேவன் என்று கேட்டபோது மூன்றாவது பிரசங்கத்தைத்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆரியுஸ் தரப்பு அடுக்கிய பலவீனங்கள் எதையும் கிரகோரி மறுப்பதில்லை, ஒவ்வொன்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டு பக்கத்தில் இன்னொன்றை வைக்கிறார். பசித்தார், ஆனால் ஆயிரம் ஆயிரம் பேருக்கு உணவளித்தார். களைத்தார், ஆனால் பாரஞ்சுமக்கிறவர்களுக்கு இளைப்பாறுதல் அவரே. தூக்கம் அழுத்தியது, ஆனால் கடல் மேல் நடந்தார். ஜெபிக்கிறார், ஜெபத்தைக் கேட்கிறவரும் அவர்தான். அழுகிறார், கண்ணீரைத் துடைக்கிறவரும் அவர்தான். லாசருவை எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறார், மனிதரானபடியால். லாசருவை எழுப்புகிறார், தேவனானபடியால். முப்பது வெள்ளிக்காசுக்கு மலிவாக விற்கப்பட்டார், உலகத்தைப் பெரும் விலை கொடுத்து வாங்கினார். அந்தத் தம்பி இதைப் படித்துவிட்டு, சரி அண்ணா, ஆனால் அந்த நாழிகை தெரியாது என்று சொன்னாரே, அதற்கு என்ன பதில் என்று மறு வாரம் வந்து நின்றான். கிரகோரி அதற்கு நான்காவது பிரசங்கத்தில் பதில் சொல்கிறார், இப்போது அதை இரண்டு பேரும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறோம்.